இணைப்பைப் பிடுங்கிப் பாருங்கள்

விநாயகர் சதுர்த்திக் கூட்டத்தில் பிள்ளையார்பட்டியின் தேங்காய்க் கடைக்காரர் கைப்பேசியில் பணம் வாங்குகிறார். எங்கோ ஒரு வங்கியின் தரவுத்தளம் படுத்தால் இங்கே வியாபாரமும் படுத்துவிடும்.

2020 நவம்பரில் எச்டிஎஃப்சி வங்கியின் முதன்மைத் தரவு மையத்தில் மின்சாரம் போய்ச் சேவைகள் முடங்கின. டிசம்பரில், புதிய கிரெடிட் கார்டு வழங்கவே ரிசர்வ் வங்கி தடை போட்டது. சரியான அடி.

இத்தகைய முடக்கத்துக்கு மருந்தாகச் சொல்லப்படுவது கிளஸ்டர்: ஒரே தரவைப் பல சர்வர்கள் வைத்திருக்கும், ஒன்று விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2018 அக்டோபரில், நிரலாளர்கள் நம்பியிருக்கும் கிட்ஹப் தளத்தில் 43 விநாடிகள் இணைப்பு அறுந்தது. அதற்குள் பொறுப்பு அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு மாறிவிட, கிழக்கில் எழுதப்பட்ட சில பதிவுகள் அங்கே போய்ச் சேரவில்லை. இரு கரைகளின் பதிவுகளையும் நேர்செய்ய 24 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கிளஸ்டர் விற்பவர் 99.99 சதவீத நேரம் இயங்கும் என்பார் (அதுவே ஆண்டுக்குச் சுமார் 52 நிமிட முடக்கம்). வங்கிகள் அந்த எண்ணில் மயங்காமல், ஓடும்போதே ஒரு சர்வரின் இணைப்பைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எத்தனை விநாடியில் மீள்கிறது? எத்தனை பதிவுகள் தொலைகின்றன? பணக் கணக்கில் இரண்டாவது கேள்விக்கு பூஜ்யம் தவிர வேறு விடை ஏற்கத்தக்கதல்ல. இந்த ஒத்திகை முடிவுகளை வெளியிடும்படி ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்தலாம்.