பந்தில் இல்லாத தீட்டு

விளையாட்டில் திறமை ஒன்றே பேசும், ஆகவே சாதித் தடையையோ நிறத் தடையையோ உடைத்த வீரர் என்று ஒருவரைத் தனியே போற்றுவது களத்துக்குள் பிரிவினையைக் கொண்டுவருவதாகும் என்னும் கருத்து, வடுகபட்டி முதல் கம்பம் வரை கபடியும் கிரிக்கெட்டும் வேரூன்றியுள்ள தேனிப் பகுதியிலும் சொல்லப்படுவதுண்டு. இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளரான பல்வங்கர் பாலுவின் (1876–1955) வாழ்க்கையை உரைகல்லாகக் கொண்டால், இக்கருத்தைத் தாங்கும் மூன்று வாதங்களும் நிலைபெறவில்லை.

திறமை இருந்தால் வாய்ப்புத் தானே வரும் என்பது முதல் வாதம். தோல் தொழிலோடு பிணைத்துத் தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்த பாலு, புனேயில் ஐரோப்பியர் மன்றத்தின் ஆடுகளத்தைப் பராமரித்தவாறே, வலைப்பயிற்சியில் வெள்ளையருக்குப் பந்து வீசித் தம் கலையைக் கூர்மையாக்கினார். ஐரோப்பியரை வெல்ல அவரது கை வேண்டும் என்று உணர்ந்த பின்பே இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்திய பின்னரும், மத அடிப்படையில் அணிகள் மோதிய பம்பாய் நாற்கோணப் போட்டியில் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1923இல்தான் அவர் தம்பி விட்டல் அப்பொறுப்பை ஏற்றார்.

களத்துக்குள் சாதி இல்லை என்பது இரண்டாம் வாதம். பாலு தொட்ட பந்தைத் தயங்காமல் கையில் வாங்கிய அதே அணியினர், தேநீர் இடைவேளையில் அவரை அரங்குக்கு வெளியே நிறுத்தி, குடித்தபின் எறிந்துவிடும் மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை என்று அறியப்பட்ட கொடுமையும் இதுவே. பந்தில் இல்லாத தீட்டு குவளையில் ஏறியது என்றால், அது களத்தைவிட்டுப் போகவில்லை, எல்லைக்கோட்டில் காத்திருந்தது என்பதே பொருள்.

போற்றுவது பகையை வளர்க்கும் என்பது மூன்றாம் வாதம். 1947இல் அமெரிக்கப் பேஸ்பால் முதன்மைப் போட்டிகளின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் 42ஆம் எண், 1997இல் எல்லா அணிகளிலும் அவர் நினைவாக ஒதுக்கப்பட்டது. இன்று அவருக்குரிய நாளில் எந்த நிறத்து வீரரும் அவ்வெண்ணையே அணிகிறார். இங்கோ, இங்கிலாந்துக்காக ஆடிய இளவரசர் ரஞ்சித்சிங்கின் பெயரில் ரஞ்சிக் கோப்பை நிலைத்திருக்க, பாலுவின் பெயரைக் கிரிக்கெட் ரசிகர்களே பலர் அறியார். பிரிவினையை மறைத்த மௌனம் அதை ஒழிக்கவில்லை, உடைத்தவரை மட்டுமே மறக்கடித்தது.

கபடியில் பாடி வருபவர் எதிரணியினரைத் தொட்டே ஆட்டமிழக்கச் செய்கிறார், அவர்களும் அவரைக் கட்டிப் பிடித்தே மடக்குகிறார்கள். அங்கே தொடுதலே விதி. ஆட்டம் முடிந்தபின் தண்ணீர்க் குவளையிலும் அவ்விதி செல்லுபடியாகிறதா என்று கேட்பதற்கு, பாலுவைப் போன்றோரின் பெயர் ஊர்தோறும் சொல்லப்பட வேண்டும்.