பாடகியின் பயணமும் நம் பிள்ளைகளின் ஆவலும்



2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிப்ட் சிங்கப்பூர்த் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் பாடினார். மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் திரண்டனர். அப்பொழுது நம் பள்ளி மாணவி ஒருத்தி, சிங்கப்பூர் சென்றே தீர வேண்டுமென்று வீட்டில் அழுதிருக்கிறாள். செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் அவள் தாயார் நம்மிடம் வந்து, "ஐயா, அந்தப் பாட்டையே கேட்கக் கூடாதென்று நீங்களாவது சொல்லுங்கள்" என்றார். நாம் அவ்வாறு சொல்லவில்லை. அதற்கான காரணத்தை இம்மலரில் எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

அந்தத் தாயார் மகளை அனுப்ப மறுத்தது முற்றிலும் சரியே. மிகக் குறைந்த நுழைவுச்சீட்டே நூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். தென்கிழக்காசியாவில் வேறெங்கும் அவர் பாடவில்லை. சிங்கப்பூர் அரசு ஊக்கத்தொகை கொடுத்து அவ்வாறு ஏற்பாடு செய்துகொண்டதை அன்றைய பிரதமர் லீ சியன் லூங் வெளிப்படையாகவே கூறினார். அரசாங்கமே விலை பேசிய ஒன்று நம் தோட்டத்துக் குடும்பத்திற்கு எட்டாமற்போனதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கூட்டத்தைப் பற்றிய தாயாரின் அச்சமும் வீண் அன்று. 2023 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவில் கடும் வெப்பத்தினிடையே இளம் இரசிகை ஒருவர் உயிரிழந்தார். 2024 ஆகஸ்டில் வியன்னாவில், தாக்குதல் சதி வெளிப்பட்டதால் மூன்று நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன.

ஆயினும், பாட்டைக் கேட்காதே என்று ஏன் தடுக்க வேண்டும்? 'ஈராஸ்' எனப் பெயரிட்ட அந்தப் பயணம் 2023 மார்ச்சு 17இல் அமெரிக்காவின் கிளென்டேல் நகரில் தொடங்கி, 2024 டிசம்பர் 8இல் கனடாவின் வான்கூவரில் முடிந்தது. மொத்தம் 149 நிகழ்ச்சிகள்; ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்திற்கு மேல்; ஒவ்வோர் இரவும் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள். அதற்காக அவர் ஆறு திங்களுக்கு முன்பிருந்தே ஓடுபொறியின் மேல் ஓடிக்கொண்டே பாடல்கள் அனைத்தையும் உரக்கப் பாடிப் பழகினாராம். விரைவான பாடலுக்கு விரைந்தோட்டம். மெதுவான பாடலுக்கு மெல்லோட்டம் அல்லது நடை. இதை மாணவர்களிடம் கூறி, "நீங்களும் பாடிக்கொண்டே திடலைச் சுற்றுங்கள்" என்றோம். முதற்சுற்றில் பள்ளியே அதிர்ந்தது. இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்கும் ஓசை மட்டுமே கேட்டது!

அவரும் ஒரு வகையில் தோட்டத்துப் பிள்ளைதான். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் மரங்கள் வளர்க்கும் பண்ணையில் வளர்ந்தார். மரங்களில் ஒட்டியிருக்கும் கும்பிடுபூச்சியின் முட்டைக் கூடுகளைப் பொறுக்கி எடுப்பது சிறுவயதில் அவர் வேலை. எனினும் நம் பிள்ளைகளின் வறுமை அவருக்கும் இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். அவர் தந்தையார் பங்குத் தரகர்.

நம் உள்ளத்தைத் தொட்டது பிறிதொரு செய்தி. அந்தப் பெரும் மேடையை ஊர் ஊராகச் சுமந்து சென்றவை லோரிகள். 2023இல் அமெரிக்காவில் முதற்கட்டப் பயணம் முடியும் தறுவாயில், லோரி ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் அவர் 1 லட்சம் அமெரிக்க டாலர் போனஸ் அளித்தார். பயணம் முழுவதிலும் சமையற்காரர், மேடை கட்டுவோர், ஆடுவோர் என அனைவருக்குமாக அளித்த போனஸ் 19 கோடியே 70 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. நுழைவுச்சீட்டு வருவாய் 200 கோடி டாலரைத் தாண்டிய பயணத்தில் இது பெருந்தொகையா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். கொடுக்காமலே இருந்துவிடக்கூடிய இடத்தில் அவர் கொடுத்தார் என்பதையே நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

நம் பள்ளியில் ஒரு மாணவன், பாரத்தில் 'தந்தையின் தொழில்' என்னும் இடத்தை எப்பொழுதும் வெறுமையாகவே விட்டு வந்தான். அவன் தந்தையார் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுநர். நாம் வகுப்பில் மேற்கண்ட செய்தியைக் கூறியபொழுது அவன் எழுந்து, "அந்த லோரிகளுக்கு எத்தனை டயர், ஐயா?" என்று கேட்டான். நமக்குத் தெரியவில்லை. "உன் அப்பாவைக் கேட்டுக்கொண்டு வா" என்றோம். மறுநாள் இரண்டு பக்கங்கள் எழுதிக்கொண்டு வந்தான். அமெரிக்க லோரியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை; எல்லாம் தன் தந்தையின் லோரியைப் பற்றியே. அக்கட்டுரை இம்மலரின் மாணவர் பகுதியில் இடம்பெற்றுள்ளது.