கொல்லைப்புற அரசும் ஊழல் ஒழிப்பும்

2020 பிப்ரவரி 23-ஆம் நாள் பெட்டாலிங் ஜெயாவின் ஷெரட்டன் ஹோட்டலில் அரசியல்வாதிகள் கூடினார்கள். ஒரே வாரத்தில் மலேசியாவின் ஆட்சி கை மாறியது. 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழல்மீது கொண்ட சினத்தால் 2018 மே 9 பொதுத்தேர்தலில் மக்கள் கொண்டுவந்த பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி அரசு இரண்டாண்டுகூட நிறைவு செய்யவில்லை. அதன் உறுப்புக் கட்சியான பெர்சத்து அந்தக் கூட்டணியை விட்டு வெளியேறியது. அஸ்மின் அலி உட்பட 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூட்டணியின் மற்றொரு கட்சியான பிகேஆரிலிருந்து பிரிந்தார்கள். பிரதமர் மகாதீர் பதவி விலகினார். மார்ச் 1-இல் பெர்சத்துத் தலைவர் முகிதீன் யாசின் பிரதமரானார். 2018-இல் மக்கள் தோற்கடித்த அம்னோ கட்சி மீண்டும் அமைச்சரவைக்குள் வந்தது.

படைகள் தெருவில் இறங்கவில்லை. பெரும்பான்மை உறுப்பினர்களின் ஆதரவைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதுபவரைப் பிரதமராக நியமிக்க அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆகவே சட்டப்படி அதை ஆட்சிக் கவிழ்ப்பு என்று சொல்ல இயலாது. ஆனாலும் அதைக் கொல்லைப்புற அரசாங்கம் என்று மக்கள் அழைத்ததில் நியாயம் இருந்தது. 2020 மே 18-இல் நாடாளுமன்றம் மாமன்னர் உரைக்காக ஒரே ஒரு நாள் கூடிக் கலைந்தது. 2021 ஜனவரி 12-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; அதன்பின் ஜூலை இறுதிவரை நாடாளுமன்றம் கூடவே இல்லை. பெரும்பான்மை உண்டா என்ற கேள்வி அவையில் வாக்கெடுப்புக்கு வர விடப்படவில்லை.

ஊழலை ஒழிப்பவர் யாராக இருந்தால் என்ன, எந்த வழியில் வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வந்த வழியே ஆட்சியின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதுதான் அதற்கு விடை. மயிரிழைப் பெரும்பான்மையில் நிற்கும் அரசு ஒவ்வோர் உறுப்பினரையும் ஏதாவது கொடுத்துத்தான் வைத்துக்கொள்ள முடியும். முகிதீன் அரசில் அமைச்சர்களும் துணையமைச்சர்களுமாகக் கிட்டத்தட்ட 70 பேர் இருந்தார்கள். அதில் இடம் கிடைக்காத ஆளுந்தரப்பு உறுப்பினர்கள் பலருக்கு அரசு சார்ந்த நிறுவனங்களில் தலைவர் பதவி கிடைத்தது. இதற்குப் பெயர் லஞ்சம் இல்லை என்று சட்டம் சொல்லலாம். ஆனால் செலவு பொதுப் பணத்திலிருந்துதான் போகிறது. 2021 ஆகஸ்ட் 16-இல் பதவி விலகியபோது, பதவியில் நீடிப்பதற்காகக் கொள்ளைக் கும்பலோடு ஒத்துழைக்கவோ நீதித்துறையில் தலையிடவோ தாம் தயாரில்லை என்று முகிதீனே அறிவித்தார். தம் அரசு யாருடைய தோளில் நின்றது என்பதை அந்தச் சொற்களில் அவரே வெளிப்படுத்திவிட்டார்.

அதே ஆட்சிக் காலத்தில், 2020 ஜூலை 28-இல், 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சி தொடர்பான வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்குக்கு 12 ஆண்டுச் சிறையும் 21 கோடி ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வழக்கைத் தொடுத்தது 2018-இல் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. தீர்ப்பளித்தது நீதிமன்றம். கொல்லைப்புற அரசின் கணக்கில் அதைச் சேர்க்க இடமில்லை.

துப்பாக்கியோடு வரும் ‘தூய்மை’ எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஃபிஜி சாட்சி. 1903 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் வாழும் நாடு அது. 2006 டிசம்பர் 5-இல் படைத்தளபதி பைனிமராமா, ஊழலைக் கழுவப்போவதாகச் சொல்லி, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்த்தார். அடுத்த ஆண்டே ஊழல் தடுப்பு ஆணையத்தையும் அமைத்தார். 2009 ஏப்ரல் 9-இல் அவருடைய ஆட்சி சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறுநாளே அரசியலமைப்பு ரத்தானது. நீதிபதிகள் அனைவரும் நீக்கப்பட்டார்கள். தேர்தலுக்கு மக்கள் 2014 வரை காத்திருந்தார்கள். தென்பசிபிக் பல்கலைக்கழக முறைகேடுகள் பற்றிய போலீஸ் விசாரணையை நிறுத்தச் சொன்ன குற்றத்துக்காக 2024 மே மாதம் சிறைக்குப் போனவர் அதே பைனிமராமா.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் அனுபவம் வேறு. 2020-இல் ஜொகூர், மலாக்கா, பேராக், கெடா மாநிலங்களின் பக்காத்தான் ஆட்சிகள் அடுத்தடுத்துச் சரிந்தன; 40 இடங்களில் 37-ஐ வென்றிருந்த பினாங்கு அரசு நிலைத்தது. எண்ணிக்கை மட்டும் அதற்குத் துணை நிற்கவில்லை. கட்சி மாறும் உறுப்பினர் பதவி இழக்க வேண்டும் என்ற 14ஏ பிரிவை 2012-லேயே மாநில அரசியலமைப்பில் சேர்த்திருந்தார்கள். பிகேஆரில் இருவரும் பெர்சத்துவில் இருவருமாக நான்கு சட்டமன்ற உறுப்பினர்கள்மீது அது பாய்ந்தபோது அவர்கள் நீதிமன்றம் போனார்கள். இத்தகைய தடை சங்கம் சேரும் உரிமைக்கு முரணானது என்று 1992-இல் கிளந்தான் வழக்கில் வந்த தீர்ப்பு அவர்கள் கையில் இருந்தது. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பழைய நிலையைக் கைவிட்டு, பினாங்கின் சட்டம் செல்லும் என்றது. 2023 மார்ச்சில் நான்கு இடங்களும் காலியானதாகச் சட்டமன்றம் தீர்மானித்தது. நீதி மூன்றாண்டு தாமதித்தது. ஆனாலும் நாட்டுக்கே ஒரு நெறியை இந்தச் சிறு மாநிலம் வகுத்துக் கொடுத்தது.

2022 அக்டோபரில் நடப்புக்கு வந்த கூட்டரசுக் கட்சித் தாவல் தடையோ ஓட்டைகளோடு நிற்கிறது. தனி உறுப்பினர் விலகினால் இடம் போகும். ஒரு கட்சி முழுவதும் கூட்டணியை விட்டுத் தாவினால் எதுவும் நடக்காது. பெர்சத்து 2020-இல் செய்ததை இன்றும் ஒரு கட்சி செய்யலாம். பக்காத்தான் தரப்பின் பிரதமர் அன்வாரை ஆதரிப்பதாக அறிவித்த ஆறு பெர்சத்து நாடாளுமன்ற உறுப்பினர்களின் உறுப்பியம் முடிந்ததாக அவர்கள் கட்சி தெரிவித்தது. இடங்கள் காலியாகவில்லை என்று 2024 ஜூலையில் சபாநாயகர் தீர்ப்பளித்தார். 2020-இல் தாவலால் இழந்த தரப்பு இன்று தாவலின் பலனை அனுபவிக்கிறது. இது தவறு, யார் ஆண்டாலும் தவறு. 2023 செப்டம்பரில் அரசுத் தரப்பே கேட்டுக்கொண்டதால் அம்னோ தலைவரும் துணைப் பிரதமருமான சாஹிட் ஹமிடி ஊழல் வழக்கின் 47 குற்றச்சாட்டுகளிலிருந்து, குற்றமற்றவர் என்ற தீர்ப்பின்றி, விடுவிக்கப்பட்டதும் கூட்டணிக் கணக்கின் நாற்றத்தைக் கிளப்புகிறது. மக்கள் வாக்கால் வந்த அரசுக்கும் அதே அளவுகோல்தான்.

ஆகவே முதலில் திருத்த வேண்டியவை இவை: கட்சியாகத் தாவுவதும், கட்சி உறுப்பியம் முடிந்தபின் எதிரணியோடு அமர்வதும் சட்டத்தின் வரம்புக்குள் வர வேண்டும். சட்டத்துறைத் தலைவரின் பொறுப்பிலிருந்து அரசு வழக்கறிஞர் பொறுப்பைப் பிரிக்கும் சீர்திருத்தம் முழுமையாக நடப்புக்கு வர வேண்டும். அரசியல் நன்கொடை சட்டத்துக்கு உட்பட வேண்டும். பிரதமர் மாறினால், அடுத்த அமர்விலேயே மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும்.