மாமியாரை யார் ஏற்றிவிடுவது?

புதுதில்லி ரயில் நிலையத்தில் 2025 பிப்ரவரி 15 இரவு நெரிசலில் சிக்கி 18 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, கூட்டம் அதிகமுள்ள 73 நிலையங்களில் கன்ஃபர்ம் டிக்கெட் உள்ளவர்களை மட்டும் நடைமேடைக்குள் விடுவதென்று ரயில்வே முடிவெடுத்தது. வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். நல்ல முடிவு. கண்ட சந்து வழியாகவெல்லாம் ஆட்கள் நுழைகிற பழக்கம் என்றோ முடிந்திருக்க வேண்டும்.

எனக்கு என் மாமியாரைப் பற்றித்தான் கவலை. வயது 76, இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். எழும்பூரில் நான் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டால், மதுரையில் கொழுந்தனார் வந்து இறக்கிக்கொள்வார். ஏற்றிவிடுவது என்பது வாசலில் நின்று கையாட்டுவதல்ல. கோச் எங்கே நிற்கும் என்று விசாரித்து, பெட்டியை சீட்டுக்கடியில் தள்ளி, மாத்திரைப் பையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, எதிர் சீட்டுக்காரரிடம் “கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். அதற்குள் வண்டி நகர்ந்தால் தாம்பரம்தான்.

இப்போது இதற்கு இருப்பது பிளாட்பார டிக்கெட். 10 ரூபாய், 2 மணி நேரம். கூட்டம் மிஞ்சினால் முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான். தில்லியில் அந்த இரவுக்குப் பிறகு அப்படித்தான் நிறுத்தினார்கள். அது இல்லாமல் உள்ளே நின்றால், வண்டியிலிருந்து இறங்கி வரவில்லை என்று டிடிஆரிடம் எப்படி நிரூபிப்பது? 1989 ரயில்வே சட்டத்தின் 138ஆம் பிரிவு டிக்கெட் இல்லாத பயணிக்கானது. எங்கே ஏறினார் என்று தெரியாவிட்டால், வண்டி புறப்பட்ட ஊரிலிருந்தே கட்டணத்தைக் கணக்கிடச் சொல்கிறது. அதற்கு மேல் குறைந்தது 250 ரூபாய் அபராதம். ஒரு முறை, பெயர் வேண்டாம், ஒரு நிலையத்தில் அந்த 10 ரூபாய் டிக்கெட்டுக்காக, முன்பதிவில்லாப் பயணிகள் நின்ற அதே வரிசையில் நானும் நின்றேன். உள்ளே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சிலர் வரிசையை விட்டுவிட்டு நேரே உள்ளே ஓடினார்கள். அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமியாரின் வயது ரயில்வேக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் லோயர் பெர்த்தே ஒதுக்குகிறது. அப்படியானால், 60 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்பதிவு செய்யும்போதே, அதே பிஎன்ஆரில் துணைக்கு ஒருவர் வர அனுமதிச் சீட்டும் தரலாமே. 10 ரூபாயை அப்போதே வாங்கிக்கொள்ளட்டும், 20 என்றாலும் கொடுப்போம். வண்டி கிளம்பி அரை மணி நேரத்தில் அது செல்லாததாகிவிடட்டும். துபாய் போகிற பிள்ளைக்கு மாலையோடு வரும் பதினைந்து பேருக்காக நான் வாதாடவில்லை. அவர்கள் வெளியிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். ஒருவர் போதும். இறங்கும் ஊரில் கொழுந்தனாருக்கும் அதே பிஎன்ஆரில் இன்னொரு சீட்டு வேண்டும்.