ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வழி

ஆந்திரத்தின் நகரி, புத்தூர், குப்பம் பக்கத்து வீடுகளில் இரண்டாவது குழந்தை பிறந்ததும் வந்து பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஆபரேஷன் பண்ணியாச்சா?" குடும்பக் கட்டுப்பாடு என்றாலே அங்கே ஆபரேஷன். அதுவும் பெண்ணுக்கு.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திரத்தில் மணமான பெண்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். நாட்டின் சராசரி 38 சதவீதம். கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி வைத்திருப்பவர்களோ ஆந்திரத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் நாலு வருடம் இடைவெளி விட நினைத்த பெண்ணுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இருந்ததில்லை.

இதை வெறும் பழக்கம் என்று ஒதுக்க முடியாது. கொள்கை வளர்த்த பழக்கம் இது. இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர்கள் ஊராட்சித் தேர்தலில் நிற்க 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. 1997-இல் சந்திரபாபு நாயுடு அரசு பிறப்பைக் குறைக்க மாநில மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டது. திருப்பதி மாவட்டத்து நாராவாரிப்பள்ளியில் பிறந்து குப்பம் தொகுதியில் வென்றுவரும் அதே முதல்வர், இப்போது கூடுதல் குழந்தைகள் வேண்டும் என்கிறார். 2024 நவம்பரில் அந்தத் தேர்தல் தடையைச் சட்டமன்றம் நீக்கியது. அரசுக்கு வேண்டிய எண்ணிக்கை மாறியிருக்கிறது. பெண் என்ன கேட்கிறாள் என்பது அன்றும் கணக்கில் வரவில்லை, இன்றும் வரவில்லை.

டெல்லியும் எண்ணிக்கையைத்தான் பார்த்தது. 2016-இல் தொடங்கிய 'மிஷன் பரிவார் விகாஸ்' குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறப்பு விகிதம் அதிகமுள்ள ஏழு மாநிலங்களின் 146 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. பிறப்பு குறைந்த ஆந்திரம் அதில் இல்லை. கையில் தோலுக்கடியில் பொருத்தும், மூன்று ஆண்டு பலன் தரும் இம்ப்ளான்ட் அரசுத் திட்டத்துக்குள் வந்தது 2023-இல்தான்; அதுவும் சில மாநிலங்களில் மட்டும். எத்தியோப்பியாவோ 2009-லேயே கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கு அதைப் பொருத்தப் பயிற்சி தந்துவிட்டது.

ஊசி, இம்ப்ளான்ட் போன்ற வழிகள் மீதான தயக்கத்துக்குக் காரணம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1985-இல், அன்றைய ஆந்திரத்தின் பட்டான்செருவு ஆரம்ப சுகாதார நிலையத்தில், முழு விவரம் சொல்லாமலே பெண்களை 'நெட்-என்' கருத்தடை ஊசிச் சோதனையில் சேர்த்தார்கள். ஸ்த்ரீ சக்தி சங்கடனா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் போயின. அவர்கள் கேட்டது நியாயம். மாதவிலக்கு தாறுமாறாகலாம் என்பதை முன்பே சொல்ல வேண்டும். இம்ப்ளான்டோ காப்பர் டி-யோ இனி வேண்டாம் என்று வந்து நிற்கும் பெண்ணைக் கணவனையோ மாமியாரையோ கூட்டிவரச் சொல்லாமல், வைத்த இடத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி பொருத்தலாம். திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனைக்கும் சித்தூர் கிராமங்களின் சுகாதார நிலையங்களுக்கும் வரும் பெண்ணிடம் இந்தப் பேச்சைப் பிரசவ வலிக்கு நடுவே தொடங்கினால் அது சம்மதம் ஆகாது. ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே, நர்ஸ் அவளை உட்காரவைத்து, தெலுங்கிலோ தமிழிலோ, ஆபரேஷனோடு மற்ற வழிகளையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.