யாருடைய பாட்டு அது?



நம் திருப்பூரில் ஒரு காலம் இருந்தது. காலையில் ஒருவரையொருவர் கண்டால், "சாப்பிட்டாயிற்றா?" என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, "நேற்று வானொலியில் என்ன பாட்டுக் கேட்டீர்கள்?" என்ற கேள்விதான் எழும். வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்த காலம் அது. பெட்டி உள்ள வீடுகள் ஒரு தெருவில் இரண்டோ மூன்றோதான். ஆனால் கேட்கும் செவிகளோ தெரு முழுவதற்கும் உரியவை.

1952-இல் மத்திய அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைப் பெரிதும் தடுத்துவிட்டார். மக்கள் என்ன செய்தார்கள்? பெட்டியின் முள்ளைக் கொழும்பு நகரின் பக்கம் திருப்பினார்கள்! 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைமீது நம்மவர் கொண்ட பற்றுக் குறையவில்லை. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் உறவினரின் குரல்களைப்போல் நம் வீடுகளில் ஒலித்தன. பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேசைக்கு மேலே ஒரு பலகையில் வானொலி வீற்றிருக்கும். தையல் இயந்திரங்களின் இரைச்சலையும் மீறி ஒரே பாட்டு எல்லாருக்கும் கேட்கும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதைச் சேர்ந்தே கேட்டோம். தேநீர் வேளையில் அதைப்பற்றிச் சேர்ந்தே வாதாடினோம்.

நம் திருச்சபையும் அக்காற்றலை நன்கு உணர்ந்திருந்தது. 1931-இல் வத்திக்கான் வானொலி பிறந்தது. 1969-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் தொடங்கிய ரேடியோ வேரித்தாஸ், 1970-களிலேயே தமிழிலும் பேசத் தொடங்கிற்று. சிற்றலையில் இரைச்சலுக்கும் விசிலுக்கும் நடுவே அந்தத் தமிழ்க் குரலைத் தேடிப் பிடித்து, செபமாலை முடிந்த கையோடு குடும்பமாக அமர்ந்து கேட்டவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். 2018 ஜூன் மாதத்தோடு அதன் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. இப்போது இணையவழியில் அப்பணி தொடர்கிறது.

இன்றைய நிலை என்ன? பாட்டுக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியில் உலகத்துப் பாடல்கள் அனைத்தும் இருக்கின்றன. ஆனால் தந்தை திண்ணையில் ஒன்றைக் கேட்கிறார். தாய் அடுக்களையில் வேறொன்றைக் கேட்கிறாள். மகன் இரு செவிகளையும் அடைத்துக்கொண்டு இன்னொன்றைக் கேட்கிறான். ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. இதனால் என்ன கேடு வந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். கடந்த தவக்காலத்தில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. நாணத்தோடுதான் அதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்புறம் வரிசையாக லைன் வீடுகள் உள்ளன. அவற்றுள் ஓர் அறையில் வடநாட்டு இளைஞர் அறுவர் தங்கியிருக்கிறார்கள். எல்லாரும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் அவ்வறையிலிருந்து நாள்தோறும் ஒரு பாட்டு ஒலிக்கும். மத்தளம் முழங்க, பெண்கள் பலர் சேர்ந்து இழுத்துப் பாடும் பாட்டு. மீண்டும் மீண்டும் அதே பாட்டு. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு வீட்டு உரிமையாளரிடம் சென்று, "இவர்கள் கூத்தடிக்கிறார்கள், உறங்க முடியவில்லை. தவக்காலத்தில் நாங்கள் செபம் செய்ய வேண்டாமா?" என்று முறையிட்டேன். அவர் அவர்களைக் கடிந்துகொண்டார். அன்றிரவே பாட்டு நின்றது. நானும் நிம்மதியாகச் செபமாலை சொல்லி முடித்து உறங்கினேன்.

இரண்டு வாரங்கள் சென்றிருக்கும். செக்கிங் பிரிவில் வேலைசெய்யும் என் மகன் ஒரு நாள் மாலை சோர்ந்த முகத்தோடு வந்தான். மதிய உணவு வேளையில் அந்த அறை இளைஞருள் ஒருவன் அவனருகே அமர்ந்து, செவியில் கருவியை மாட்டிக்கொண்டு கண்களை மூடியிருந்தானாம். "என்ன கேட்கிறாய்?" என்று மகன் விளையாட்டாகக் கேட்டிருக்கிறான். அவன் ஒரு செவிக் கருவியைக் கழற்றி இவன் கையில் கொடுத்தானாம்.

"அப்பா, மொழி எனக்குப் புரியவில்லை. ஆனால் இயேசுவின் பெயர் வந்தது. மரியாவின் பெயரும் வந்தது. அது அவர்களுடைய ஊர்க் கோவிலில் பாடும் தவக்காலப் பாட்டாம். நாம் நிறுத்தச் சொன்னது அதைத்தான்."

எனக்குப் பேச்சு எழவில்லை.

அவர்கள் ஜார்க்கண்டு மாநிலத்து ஆதிவாசிக் கத்தோலிக்கர். தன்பாத்திலிருந்து ராஞ்சி, ரூர்கேலா வழியாக ஆலப்புழை செல்லும் விரைவு வண்டி நம் திருப்பூரிலும் நின்று செல்கிறது. அதில்தான் வந்து இறங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தின் வரலாறு எளியதன்று. 1885-இல் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் சோட்டா நாக்பூர் மண்ணுக்கு வந்தார். நிலத்தை இழந்து, ஜமீன்தார்களின் கொடுமையில் வாடிய அம்மக்களுக்காக அவர் வழக்கு மன்றங்களில் துணைநின்றார். அங்கே வேரூன்றிய திருச்சபையிலிருந்துதான் ராஞ்சிப் பேராயர் தெலஸ்போர் தோப்போ 2003-இல் கர்தினாலானார். ஆசியாவின் ஆதிவாசி மக்களிலிருந்து அந்நிலைக்கு உயர்ந்தவர்களுள் அவரே முதல்வர். 2023-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இன்னொரு செய்தியையும் அறிந்து வியந்தேன். அவ்விளைஞருள் சிலர் ஓராவோன் இனத்தவர். அவர்கள் வீட்டில் பேசும் குடுக் மொழி, நம் தமிழைப்போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் பல் என்பதை அவர்களும் பல் என்றே சொல்கிறார்கள். நம் கண் அவர்கள் நாவில் சற்றே மாறி 'கன்' என ஒலிக்கிறது. தொலைதூரத்து அந்நியர் என்று நான் கருதியவர்கள், விசுவாசத்தால் மட்டுமல்ல, மொழியாலும் உறவினர்!

ஆனால், அன்பர்களே, இங்கேதான் என் மனச்சான்று என்னை விடவில்லை. அது கிறிஸ்தவப் பாட்டு என்று அறிந்ததால்தான் நான் வருந்துகிறேனா? அது வேறு சமயப் பாட்டாகவோ வெறும் நாட்டுப் பாடலாகவோ இருந்திருந்தால் நான் செய்தது சரியாகிவிடுமா? இரவில் ஓசை மிகுந்தால் குறைக்கச் சொல்வதில் தவறில்லை. அதை நானே அவர்கள் கதவைத் தட்டி, அன்போடு கேட்டிருக்கலாம். "என்ன பாட்டு, தம்பி?" என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. கேட்காமலே தீர்ப்பளித்தேன். அதுதான் என் குற்றம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மகனை அழைத்துக்கொண்டு அந்த அறைக்குச் சென்றேன். அவனுடைய அரைகுறை இந்தியின் துணையால் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பதறி எழுந்து பாயை விரித்து அமரச் சொன்னார்கள். அந்தப் பாட்டை எனக்கும் போட்டுக் காட்டும்படி வேண்டினேன். வயதில் இளையவன் கைப்பேசியை என் அருகில் வைத்தான். அவர்களுடைய மாந்தர் மத்தளம் முழங்கியது. பெண்களின் குரல்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றைச் சுட்டி, "என் அம்மா" என்று தமிழிலேயே சொன்னான். சென்ற ஆண்டு அவன் தங்கை ஊர்க் கோவிலில் பதிவுசெய்து அனுப்பியதாம். அவன் ஊருக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மிகைநேர வேலை முடிந்து திரும்பும் இரவு வேளையில்தான் தாயின் குரலைக் கேட்க அவனுக்கு நேரம் வாய்த்திருக்கிறது. அதைத்தான் நான் கூத்து என்றேன்.

பிறகு அவர்கள் என்னைப் பாடச் சொன்னார்கள். எனக்குக் குரல் வளம் இல்லை. எனினும் என் தாயார் பெரிய வெள்ளியன்று பாடும் ஒப்பாரிப் பாட்டொன்றைத் தட்டுத்தடுமாறிப் பாடினேன். மொழி புரியாமலே அறுவரும் தலை குனிந்து கேட்டார்கள்.

பாபிலோன் ஆற்றங்கரையில் அமர்ந்து, அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று கலங்கிய யூத மக்களின் துயரைத் திருப்பாடல்களில் வாசிக்கிறோம். இன்று நம் நொய்யல் கரையிலும் அப்படி அமர்ந்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பாடும்போது கேட்பவர்களாக நாம் இருக்கிறோமா, வாயை மூடச் சொல்பவர்களாக இருக்கிறோமா? 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம், மக்களினங்களின் இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்கச் சொல்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு இதயத்தின் செவியால் கேட்பதையே பொருளாகத் தந்தார்.

ஆகவே குடும்பங்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம் செவிக் கருவிகளைக் கழற்றி வையுங்கள். இவ்வாரம் தாம் விரும்பிக் கேட்ட ஒரு பாட்டை ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குக் கேட்கச் செய்யட்டும். அது ஏன் பிடித்தது என்றும் சொல்லட்டும். மகனுடைய பாட்டு உங்களுக்கு இரைச்சலாகத் தோன்றலாம். முழுதும் கேட்ட பின்னரே கருத்துச் சொல்லுங்கள். அவன் மனத்துயரோ ஏக்கமோ அதில் மறைந்திருக்கக்கூடும். பக்கத்து அறையில் வெளியூர்ப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் ஒரு நாள் அழையுங்கள்.

எங்கள் பங்கில் பாடற்குழுவினர் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு காணிக்கைப் பாடலை அவ்விளைஞர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். முதல் நாள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது சில பாட்டிமார் கூடவே முணுமுணுக்கிறார்கள். இரவுகளில் பின்புறத்து அறையிலிருந்து அந்தப் பாட்டு மெல்லிய ஓசையில் மீண்டும் கேட்கிறது. அது நின்றபின்னரே நான் விளக்கை அணைக்கிறேன்.