தண்டனை முடிந்தும் தங்க இடமில்லை

சிறையிலிருந்து வெளியே வருபவருக்கு, வேலை தேடவும் பிள்ளைகளை மீண்டும் தன்னிடம் அழைத்துக்கொள்ளவும் முதலில் ஒரு முகவரி வேண்டும். அமெரிக்காவில் போதைப்பொருள் வழக்கில் தண்டனை அனுபவித்தவர்களுக்கு அந்த முகவரிதான் எளிதில் கிடைப்பதில்லை. வாடகைக்கு விண்ணப்பித்ததும், வீட்டு உரிமையாளர் தனியார் நிறுவனத்திடம் பின்னணி அறிக்கை கேட்கிறார். 1970-ம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், பழைய கைது விவரங்களை ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு இத்தகைய அறிக்கைகளில் சேர்ப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தண்டனைக்கு இப்போது அதில் அப்படிக் காலவரம்பு எதுவும் இல்லை. இருபது வயதில் செய்த தவறு ஐம்பது வயதிலும் கூடவே வருகிறது.

குற்றப் பதிவைக் காட்டி வீடு மறுப்பதற்கு வழிகாட்டியது அரசுதான். ‘ஒரு முறை தவறினால் வெளியேற்றம்’ என்ற கொள்கையை அரசுக் குடியிருப்புகளுக்கு 1996-ல் அறிவித்தார் அதிபர் பில் கிளிண்டன். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், பேரன்கள் வாகன நிறுத்துமிடத்தில் கஞ்சா புகைத்ததற்காகப் பாட்டிகளை வெளியேற்ற நடவடிக்கை எடுக்கப்பட்டது. குடும்பத்தினரோ விருந்தினரோ செய்தது வாடகைதாரருக்குத் தெரியாவிட்டாலும் வெளியேற்றலாம் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குற்றப் பதிவு உள்ள எல்லோரையும் ஒட்டுமொத்தமாக நிராகரிப்பது கறுப்பினத்தவரையும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரையும் அதிகம் பாதிப்பதால், அது சட்டவிரோதமான பாகுபாடாகலாம் என்று 2016-ல் வீட்டுவசதித் துறை வழிகாட்டியது. அந்த வாதமும் போதைப்பொருள் விற்றதற்காகவோ தயாரித்ததற்காகவோ தண்டனை பெற்றவருக்கு உதவாது. அந்தப் பாகுபாட்டைத் தடைசெய்யும் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் 1988-ல் செய்த திருத்தம் அவர்களைத் தனியே விலக்கிவைத்தது. அதே கஞ்சா இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளில் விற்பனையாகிறது. அன்று அதை விற்றுச் சிறை சென்றவருக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை என்பது எந்த வகையில் நீதி?

மற்ற குடியிருப்பாளர்களின் பாதுகாப்பு பற்றிய உரிமையாளர்களின் கவலை நியாயமானது. அதற்கு இடம்கொடுத்தே நியூஜெர்சி மாநிலம் 2021-ல் ஒரு சட்டம் இயற்றியது. வீடு தருவதாக நிபந்தனையுடன் ஒப்புக்கொண்ட பிறகே குற்றப் பதிவைப் பார்க்கலாம். பெரும்பாலான குற்றங்களுக்கு, அவற்றின் தரத்தைப் பொறுத்து ஓராண்டு, நான்கு ஆண்டுகள், ஆறு ஆண்டுகள் எனக் காலவரம்பு உண்டு. கொலை போன்ற கொடுங்குற்றங்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது.

சிறை சென்று வந்தவர்கள் வீடற்றவர்களாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம் என்று ‘பிரிசன் பாலிசி இனிஷியேட்டிவ்’ 2018-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. போதையிலிருந்து மீள்பவரைத் தெருவில் விட்டால், பழைய சகவாசத்துக்கே அவர் திரும்பும் ஆபத்து கூடும். அதனால் எந்தத் தெருவும் பாதுகாப்பானதாக ஆகிவிடாது.

1988-ம் ஆண்டுத் திருத்தத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நீக்க வேண்டும். நியூஜெர்சியின் காலவரம்பை மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டும். நீதிபதி விதித்த தண்டனை முடிந்த பிறகு, அதை நீட்டிக்கும் அதிகாரம் வீட்டு உரிமையாளருக்கு இருக்கக் கூடாது.